கொழுப்பு ஏறினால் கழுத்தில் புற்றுநோயா? பரிசோதனை அறிக்கையைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

முழு உடல் பரிசோதனை என்ற பெயரில் விற்கப்படும் தொகுப்புகளில் கொலஸ்ட்ராலும் தைராய்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வந்துவிடுகின்றன. கொஞ்சம் விலை கூடிய தொகுப்பென்றால் கழுத்து ஸ்கேனும் உண்டு. எல்.டி.எல். என்ற 'கெட்ட கொழுப்பு' 170, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். (தைராய்டு மந்தமானால் இது ஏறும்) 9, கழுத்தின் வலப்பக்கத்தில் 6 மில்லிமீட்டரில் ஒரு கட்டி என்று அறிக்கை வந்தால், மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிப் பார்க்காமல் யாராலும் இருக்க முடிவதில்லை. எண்ணெய்ப் பலகாரமும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுக் கொழுப்பு ஏறியது, அதுதான் கழுத்தில் கட்டியாகிவிட்டது என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கைபேசியில் தேடினால் அந்தத் தீர்ப்புக்குத் தோதாக ஓர் ஆய்வுச் செய்தியும் கிடைத்துவிடும்.

தொடர்பு இருப்பது உண்மைதான். அதன் திசையைத்தான் மாற்றிப் படிக்கிறோம். கொலஸ்ட்ரால் அளவைத் தைராய்டு ஹார்மோன் ஏற்றி இறக்குகிறது. கொலஸ்ட்ரால் தைராய்டில் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கோ உறுதியான சான்று கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்து ஒரு வரிசைத் தவறுகள் பிறக்கின்றன. சில தவறுகளால் பணம் போகும். சிலவற்றால் சுரப்பியே போய்விடும்.

தைராய்டைப் பார்க்காமல் கொழுப்பு மாத்திரை தொடங்குவது

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்த ஏற்பிகள் போதிய அளவில் உருவாகத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். அது குறைந்தால் ஏற்பிகள் குறைகின்றன, எல்.டி.எல். ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றி வெளியேற்றும் வேலையும் மந்தமாகிறது. சாப்பாட்டில் எதையும் கூட்டாமலே எண் ஏறிவிடும். டி.எஸ்.எச். சோதனை வழக்கத்துக்கு வருவதற்கு முன்பு, தைராய்டு மந்தமாக இருக்கிறதா என்று ஊகிக்க மருத்துவர்கள் கொலஸ்ட்ரால் அளவையே ஒரு தடயமாக வைத்திருந்தார்கள்.

ஆகவே கொலஸ்ட்ரால் புதிதாக ஏறியிருந்தால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எழுதுவதற்கு முன் டி.எஸ்.எச். பார்ப்பது நல்ல மருத்துவ வழக்கம். தைராய்டு குறைபாட்டைக் கவனிக்காமல் ஸ்டேட்டின் கொடுத்தால் தசைவலி, தசைச் சிதைவு போன்ற பக்கவிளைவுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. "கொழுப்பு மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பெல்லாம் வலி" என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது மாத்திரையல்ல, கண்டுபிடிக்கப்படாத தைராய்டு குறைபாடு. குறைபாடு கடுமையாக இருந்தால், தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை எடுத்துச் சில மாதங்களில் எல்.டி.எல். கணிசமாக இறங்கிவிடும். டி.எஸ்.எச். 5, 6 என்று எல்லையைச் சற்றே தாண்டியிருக்கும்போது அவ்வளவு பெரிய இறக்கத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இதன் மறுபுறமும் ஆபத்தானது. தைராய்டு ஹார்மோன் கொழுப்பைக் குறைக்கிறதென்றால், தைராய்டு நன்றாக இருப்பவர்களுக்கும் அதையே கொடுக்கலாமே என்று ஒரு காலத்தில் உண்மையாகவே முயன்று பார்த்தார்கள். 1960களில் அமெரிக்காவில் தொடங்கிய 'கொரோனரி டிரக் பிராஜெக்ட்' என்ற பெரிய சோதனையில், மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களில் ஒரு பிரிவினருக்குத் தைராய்டு ஹார்மோனின் ஒரு வடிவமான டெக்ஸ்ட்ரோதைராக்சின் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கியது, இறப்புகள் கூடின. அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உடல் எடைக்கும் கொழுப்புக்கும் என்று தைராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிப்பது நல்லது.

ஆய்வின் தலைப்பை மட்டும் படிப்பது

தென்கொரியாவின் தேசியக் காப்பீட்டுத் தரவுகளை வைத்துச் செய்த சில ஆய்வுகளில், எச்.டி.எல். என்ற 'நல்ல கொழுப்பு' குறைவாக இருந்தவர்களிடம் தைராய்டு புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. பெரிய வயிறு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பின் கூடிய அளவு, குறைந்த எச்.டி.எல். என்று சேர்ந்தே வரும் கூட்டத்துக்கும் இதே போன்ற தொடர்பைச் சொன்னார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலையும் எல்.டி.எல்.லையும் பொறுத்தவரை முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

சேர்ந்து காணப்படுவதற்கும் ஒன்று மற்றொன்றை உண்டாக்குவதற்கும் இடையே எவ்வளவோ தூரம் இருக்கிறது. எச்.டி.எல். குறைந்தவர்களில் பலருக்கு உடல் பருமன் இருக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் உடல் பருமனோடு தொடர்புடைய 13 புற்றுநோய்களின் பட்டியலில் தைராய்டையும் சேர்த்தது. அப்படியானால் குற்றவாளி கொழுப்பு எண்ணா, பருமனா? கட்டி உள்ளவர்களில் டி.எஸ்.எச். கூடக் கூட அந்தக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பும் சற்றுக் கூடுவதாக வேறு சில ஆய்வுகள் சொல்கின்றன. தைராய்டு மந்தமானால் டி.எஸ்.எச். கூடும், கொலஸ்ட்ராலும் கூடும் என்று மேலே பார்த்தோம். பின்னாலிருந்து இயக்கும் ஒன்றை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியும் எண்ணைப் பிடித்துக்கொள்வது எளிது.

நேர்மாறான திசையிலும் இந்தப் பிழை நடந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தால் புற்றுநோய் வரும் என்ற அச்சம் 1980களில் மருத்துவ உலகத்தையே ஆட்டி வைத்தது. கொரியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேரை 14 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஆய்விலும், கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு மொத்தப் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் அந்தக் கணக்கைப் பெரிதும் இழுத்தது கல்லீரல் புற்றுநோய். கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதில் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான். பழுதடைந்து வரும் கல்லீரல் அதைக் குறைவாகத் தயாரிக்கும். நோய் முன்னால் வந்திருக்கிறது, எண் பின்னால் இறங்கியிருக்கிறது. ஆய்வின் முதல் சில ஆண்டுகளில் கண்டுபிடித்த நோயாளிகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டார்களா என்பது, இத்தகைய செய்தியைப் படிக்கும்போது தேட வேண்டிய முதல் வரி.

சதவீதமும் ஏமாற்றும். ஒரு பேச்சுக்கு, ஓர் ஊரில் ஆண்டுக்கு 1 லட்சம் பெண்களில் 10 பேருக்குத் தைராய்டு புற்றுநோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஆபத்து 20 சதவீதம் கூடுகிறது' என்ற தலைப்பின் பொருள், 10 பேர் 12 பேராவது. மீதி 99,988 பேருக்கு அந்த ஆண்டு ஒன்றும் நேர்வதில்லை. தலைப்பில் இதைப் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.

எண்ணுக்குப் பயந்து கழுத்தை ஸ்கேன் செய்வது

பெரிய தவறு இதுதான். இதைப் புரிந்துகொள்ளக் கொரியாவுக்கே போக வேண்டும்.

அங்கே 1999இல் அரசு ஒரு தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டைச் சேர்த்துக் கொடுத்தன. மக்களும் வந்ததே வந்தோம் என்று எடுத்துக்கொண்டார்கள். 2011இல் அந்த நாட்டில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்காகியிருந்தது. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல் புற்றுநோயாளிகள் ஆனார்கள். இத்தனை நடந்தும் தைராய்டு புற்றுநோயால் இறந்தோர் எண்ணிக்கை ஆண்டுக்கு 300 முதல் 400 என்ற அளவிலேயே நின்றது. நோய் உண்மையிலேயே 15 மடங்கு பெருகியிருந்தால் சாவும் ஏறியிருக்க வேண்டும். ஏறியதெல்லாம் கண்டுபிடிப்பு மட்டும்.

நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்படி அறுவை செய்துகொண்ட 15,000க்கும் மேற்பட்டோரின் காப்பீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, 11 சதவீதத்தினருக்கு, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டுக் கால்சியம் குறைந்திருந்தது. 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் செயலிழந்திருந்தது. 2014இல் கொரிய மருத்துவர்களில் ஒரு குழுவினரே வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் ஸ்கேன்களும் அறுவைகளும் வேகமாகக் குறைந்தன. திருவனந்தபுரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் இதே சாயல் தெரிவதாகச் சொல்லி, மிகைக் கண்டுபிடிப்பா என்று 2017இல் ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

இப்போது முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். எச்.டி.எல். குறைவுக்கும் தைராய்டு புற்றுநோய்க்கும் தொடர்பு சொன்ன ஆய்வுகள் இதே நாட்டின் தரவுகளில்தான் பிறந்தன. கொழுப்பும் சர்க்கரையும் உள்ளவர் மருத்துவமனைக்கு அடிக்கடி போகிறார். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுக்கிறார்கள். அந்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்திலேயே தைராய்டு இருக்கிறது. தேடாத கட்டி தானாகத் திரையில் வந்து நிற்கிறது. கொழுப்பு அளவு சரியாக இருப்பவர் வீட்டிலேயே இருக்கிறார், அவர் கழுத்தில் இருப்பது யாருக்கும் தெரியாது. ஆய்வாளர்கள் இதைக் கணக்கில் கொள்ள முயல்வார்கள் என்றாலும், முழுவதும் களைந்துவிட முடியாது. அந்தச் சிறிய கூடுதல் விகிதத்தில் எவ்வளவு உயிரியல், எவ்வளவு ஸ்கேன் என்று பிரித்துச் சொல்ல முடியாத வரை அதை ஆபத்து என்று அறிவிப்பது அவசரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தேடினால் கிடைக்கும் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. பின்லாந்தில் 1985இல் வெளியான பிரேதப் பரிசோதனை ஆய்வில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். 36 பேரிடம் பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு புற்று சிறிய அளவில் இருந்தது. வாழ்நாளில் அவர்களை அது தொந்தரவு செய்யவே இல்லை. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனை 1993இலிருந்து, 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் ஆபத்துக் குறைந்த பாப்பிலரி புற்றுகளை அறுக்காமல் கண்காணித்து வருகிறது. அவர்கள் 2014இல் வெளியிட்ட 1,235 பேரின் கணக்கில், 10 ஆண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டராவது வளர்ந்தவர்கள் 8 சதவீதம். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியது 3.8 சதவீதத்தினரிடம். தைராய்டு புற்றால் ஒருவரும் இறக்கவில்லை.

எந்த அறிகுறியும் இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2017இல் சொன்னதற்குப் பின்னணி இதுதான். கொலஸ்ட்ரால் ஏறியிருப்பது அறிகுறி ஆகாது. கையால் தொட்டால் தெரியும் கட்டி, வேகமாக வளரும் வீக்கம், காரணமில்லாமல் வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் கம்மல், விழுங்குவதில் தடை, சிறுவயதில் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு சிகிச்சை, நெருங்கிய ரத்த உறவில் தைராய்டு புற்று ஆகியவையே ஸ்கேனுக்கு நியாயமான காரணங்கள். கதிர்வீச்சின் பங்கு ஊகமல்ல. 1986இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபின், கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த குழந்தைகளிடம் அது கண்கூடாகத் தெரிந்தது.

தற்செயலாக ஏற்கெனவே கட்டி தெரிந்துவிட்டதென்றால்? அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிவது பெரியவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், மிகச் சாதாரணம். பத்தில் ஒன்பது கட்டிகளாவது தீங்கற்றவை. 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிக்குப் பெரும்பாலும் ஊசிப் பரிசோதனைகூடத் தேவைப்படாது. ஸ்கேன் தோற்றத்தை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: டி.எஸ்.எச். சரியாக இருப்பதால் கட்டி நல்லது என்றோ, கூடியிருப்பதால் கெட்டது என்றோ சொல்லிவிட முடியாது. தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே இருக்கிறது.

ஸ்டேட்டின்: அச்சமும் ஆசையும்

ஸ்டேட்டின் புற்றுநோய் தரும் என்று ஒரு சாரார் பாதியில் நிறுத்துகிறார்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று இன்னொரு சாரார் கேட்டு வாங்குகிறார்கள். முதல் அச்சத்துக்கு ஒரு காரணம் 2008இல் வெளியான சீஸ் என்ற சோதனை. சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினும் எசெட்டிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தும் சேர்த்து எடுத்தவர்களிடம் 105 புற்றுகளும், வெற்று மாத்திரை எடுத்தவர்களிடம் 70 புற்றுகளும் பதிவாயின. பின்னர் 18,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த இம்ப்ரூவ்-ஐடி சோதனையில் அந்த வேறுபாடு காணாமல் போயிற்று. ஸ்டேட்டின் பற்றிய 27 சோதனைகளில் பங்கேற்ற 1,75,000 பேரின் தரவுகளைச் சேர்த்து 2012இல் ஆராய்ந்தபோது, புற்றுநோய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆய்வகக் கிண்ணத்தில் ஸ்டேட்டின் பட்டுத் தைராய்டு புற்று செல்கள் இறந்ததாக வரும் செய்திகளில், கிண்ணத்தில் ஊற்றிய அளவு மனித ரத்தத்தில் மாத்திரை எட்டும் அளவைவிட எத்தனை மடங்கு என்று பாருங்கள். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்க ஸ்டேட்டின் எடுக்கிறோம். அந்தக் காரணம் ஒன்றே போதும்.

நம் பக்கத்தில் இன்னொன்றும் ஓடுகிறது. குக்குலு என்ற மரப்பிசின் சேர்ந்த மருந்துகளைக் கொழுப்புக்கும் தைராய்டு வீக்கத்துக்கும் ஒருசேர விற்கிறார்கள். 2003இல் அமெரிக்காவில் 8 வாரம் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில், குக்குலுச் சாறு எடுத்தவர்களின் எல்.டி.எல். இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. முடி உதிர்வுக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையை அதிக அளவில் எடுப்பவர்கள், தைராய்டு சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். பயோட்டின் சில சோதனைக் கருவிகளையே ஏமாற்றி, டி.எஸ்.எச்.சைக் குறைவாகக் காட்டிவிடும்.

அறுவைக்குப் பின் நேரும் குழப்பங்கள்

தைராய்டு புற்றுக்கு உண்மையிலேயே சிகிச்சை பெற்றவர்களுக்குக் கொலஸ்ட்ரால் வேறு விதத்தில் முக்கியமாகிறது. சுரப்பியை எடுத்தபின் சிலருக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்கள். அதற்கு டி.எஸ்.எச். 30க்கு மேல் ஏற வேண்டும். இதற்காகத் தைராக்சினை 3, 4 வாரம் நிறுத்துவதும் உண்டு. அதைத் தவிர்க்கச் செயற்கை டி.எஸ்.எச். ஊசி போடுவதும் உண்டு. மாத்திரையை நிறுத்திய வாரங்களில் உடல் கடுமையான தைராய்டு குறைபாட்டில் இருக்கும். அப்போது கொலஸ்ட்ரால் பார்த்தால் எண் உச்சத்தில் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படவோ, அவசரமாகப் புது மாத்திரை தொடங்கவோ வேண்டாம். தைராக்சினை மீண்டும் தொடங்கி, டி.எஸ்.எச். நிலைக்கு வந்த பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு.

அதே சிகிச்சைக்கு முன் ஓரிரு வாரம் அயோடின் குறைந்த உணவு சொல்வார்கள். மஞ்சள் கரு, பால், தயிர், கடல் மீன் வேண்டாம் என்றதும் வீட்டில் அதைக் 'கொழுப்புப் பத்தியம்' என்று புரிந்துகொண்டு எண்ணெயை நிறுத்துகிறார்கள். அயோடின் சேர்த்த உப்பை மட்டும் வழக்கம்போலப் போட்டுவிடுகிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அயோடின்தான். மஞ்சள் கருவை விலக்குவதும் அதிலுள்ள அயோடினுக்காகவே. வெள்ளைக் கரு சாப்பிடலாம், சமையல் எண்ணெய்க்குத் தடையில்லை. எந்த உப்பு வாங்குவது என்று சிகிச்சை தரும் மருத்துவமனையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல் உப்பு என்றால் அயோடின் இருக்காது என்று நம்பிவிட வேண்டாம். கல் உப்பிலும் அயோடின் சேர்த்து விற்கிறார்கள்.

பரவும் ஆபத்து கூடியவர்களுக்கு, டி.எஸ்.எச்.சை வேண்டுமென்றே அடக்கி வைக்குமளவுக்குத் தைராக்சின் கொடுப்பார்கள். கொலஸ்ட்ராலும் கூடவே இறங்கும். கொழுப்பு குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்து, இந்த அளவை ஆயுள் முழுதும் தொடர விரும்புவது சரியல்ல. நீண்ட காலம் அடக்கி வைத்தால், குறிப்பாக வயதானவர்களுக்கு, இதயத் துடிப்புச் சீர்கேடும் எலும்புத் தேய்மானமும் வரலாம். திரும்ப வரும் ஆபத்து குறைந்தவர்களுக்கு அவ்வளவு அடக்க வேண்டியதே இல்லை.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒரு சங்கிலி. அறுவைக்குப் பின் பலருக்குக் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். மறக்காமல் இருக்க, காலையில் தைராக்சினோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடுகிறார்கள். கால்சியம் குடலிலேயே தைராக்சினைப் பிடித்துக்கொள்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும், கொழுப்புக்குத் தரும் கொலஸ்டிரமின் பொடியும் அப்படியே செய்யும். மருந்தில் ஒரு பங்கு ரத்தத்துக்குப் போகாமல் டி.எஸ்.எச். ஏறுகிறது, அதன் பின்னால் எல்.டி.எல். ஏறுகிறது. ஒரு மருத்துவர் தைராக்சின் அளவைக் கூட்டுகிறார். வேறொரு மருத்துவர் ஸ்டேட்டின் எழுதுகிறார். எந்த மாத்திரையை எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்று இருவருமே கேட்காமல் போய்விடலாம். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரமாவது கழித்துக் காப்பி குடியுங்கள். கால்சியம், இரும்பு, கொலஸ்டிரமின் மூன்றுக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். இப்படி மாற்றியபின் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச்.சையும் எல்.டி.எல்.லையும் ஒரே நாளில் எடுத்து, இரண்டு எண்களையும் ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள்.